கேம்பஸ் பார்க்கப் போகும் நாள்: மலையகப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கையில் சில மாதங்கள் இருக்கும். அந்த மாதங்களில் ஒரு வேலை நாளை ஒதுக்கி, படிக்க விரும்பும் பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்து வருவது நம் தோட்டப் பகுதிகளில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக்கான மாணவர் கைநூலைப் பிரித்து, டியூஷன் சேர் சொன்ன வரிசையிலோ போன வருட வெட்டுப்புள்ளி வரிசையிலோ விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறார்கள். மூன்று வருடமோ ஐந்து வருடமோ இருக்கப்போகும் இடத்தைப் பிள்ளை முதன்முதலாகப் பார்ப்பது, பெட்டியோடு போய் இறங்குகிற அன்றுதான்.

போய்ப் பார்ப்பதால் இடம் கிடைத்துவிடாது. அரச பல்கலைக்கழக அனுமதியை, உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளிதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆகவே கொழும்பிலுள்ள மாமா மகனுக்குக் கிடைத்த புள்ளியை வைத்து உங்கள் பிள்ளையின் கதையைக் கணக்கிட முடியாது. உங்கள் கையில் உள்ளது ஒன்றே ஒன்று: விருப்பத்தேர்வு வரிசை. எந்தக் கற்கைநெறி, எந்தப் பல்கலைக்கழகம், எதற்குப் பின் எது என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் வரிசைப்படி, உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதலாவது இடம் உங்களுக்கு வரும். கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருந்தால் வாய்ப்புக் கூடியிருக்கும் என்பது தவறான எண்ணம். உண்மையாகவே எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதை முதலில் எழுத வேண்டும். அந்த விருப்பம் நேரில் பார்த்து, கேட்டு வந்ததாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

எப்போது போவது? பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், அடையாள அட்டை என்று அலைய வேண்டியிருக்கும். ஆகவே பரீட்சை எழுதி முடித்த கையோடு போவதே நல்லது. 12ஆம் தரத்திலேயே போனால் இன்னும் நல்லது, படிப்பில் ஒரு வேகம் வரும். நாள் தெரிவு செய்யும்போது செவ்வாய், புதன், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் அலுவலகம் மூடியிருக்கும். பரீட்சைக் காலத்திலும் அதற்கு முந்திய படிப்பு விடுமுறையிலும் போனால் பேசுவதற்கு ஆள் கிடைக்காது. ஊழியர் வேலைநிறுத்தமோ மாணவர் பகிஷ்கரிப்போ நடக்கிற வாரமும் வீண்தான். போவதற்கு இரண்டு நாள் முன்பு, இணையத்தளத்தில் உள்ள எண்ணில் பீட அலுவலகத்தை அழைத்து, "விரிவுரைகள் நடக்கின்றனவா, உயர்தரம் எழுதிய மாணவர் ஒருவர் வந்து விசாரிக்கலாமா, யாரைச் சந்திக்க வேண்டும்" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டால், வாசலில் காவலாளி மறிக்கும்போது அந்தப் பெயரே வழி திறக்கும்.

பீடங்கள் நடத்தும் கண்காட்சி நாட்களுக்குப் பாடசாலைகள் வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதுண்டு. ஆய்வுகூடக் கருவிகளைக் கிட்டப் பார்க்க அது நல்ல வாய்ப்பு, போகட்டும். ஆனால் அன்று பார்ப்பது சோடித்த முகம். சாதாரணப் புதன்கிழமையில் மத்தியானச் சோற்றுக்கு எவ்வளவு நீள வரிசை நிற்கிறது என்பது அன்று தெரியாது. பேராதனைக்கு வேனில் கூட்டமாகப் போகிறவர்கள் பாதி நாளை அங்குள்ள தாவரவியல் பூங்காவில் கழித்துவிட்டு, கேம்பஸுக்குள் வண்டியிலிருந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுவதும் நடக்கிறது. பேராதனைப் பூங்காவை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பேராதனையையே உதாரணமாக எடுத்துப் பயணத்தைச் சொல்கிறோம். மலையகத்துக்கு நடுவில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் அது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே இடம்பெயர்ந்தது. ஹட்டன், நாவலப்பிட்டி பக்கமிருந்தோ நுவரெலியா, புசல்லாவை பக்கமிருந்தோ வருகிற கண்டி பஸ்கள் கம்பளையைக் கடந்து பேராதனை வழியாகத்தான் போகின்றன. கண்டி டவுன் வரை போய்த் திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும். பாலத்தையும் பூங்காவையும் தாண்டியதும் வரும் கலஹா சந்தியில் இறங்குங்கள். அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடுவது கலஹா வீதி; பொதுப் பாதை, பஸ் ஓடுகிறது. பொறியியல் பீடம் மட்டும் மகாவலி ஆற்றுக்கு அக்கரையில், கம்பளை வீதிப் பக்கம் இருக்கிறது. அதற்குப் போகிறவர்கள் பாலத்துக்கு முன்னரே இறங்கிவிடலாம். அங்கிருந்து இக்கரைக்கு வர அக்பர் பாலம் இருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் வைத்தியசாலைப் பக்கம். எந்தப் பீடம் என்று தீர்மானிக்காமல் போனால் அரை நாள் நடையிலேயே போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு பீடம், மிஞ்சினால் இரண்டு.

ரயிலில் வர நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பதுளையிலிருந்து வரும் எல்லா ரயிலும் கண்டிக்குள் போவதில்லை, சில பேராதனைச் சந்தியிலிருந்து நேரே கொழும்புக்குத் திரும்பிவிடும். கண்டிக்குப் போகிற ரயில் என்றால் சந்திக்கு அடுத்துள்ள சரசவி உயன நிலையம் கேம்பஸுக்குக் கிட்ட. 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலைப்பாதையை எப்படிச் சிதைத்தன என்பது நமக்குத் தெரியும். நிலையத்தில் விசாரிக்காமல் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் டவுனிலிருந்து எத்தனை மணிக்கு? ஆறு மணி என்றால், கினிகத்தேனைப் பக்கம் மழையும் பனியும் வழி மறிக்கும் என்பதையும் சேர்த்து, பேராதனையிலிருந்து இரண்டரை மணிக்காவது புறப்பட வேண்டும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது, ஒன்பதரைக்குக் கலஹா சந்தியில் நிற்கலாம். ஆக உள்ளே கிடைப்பது ஐந்து மணி நேரம். அதை இப்படிப் பிரியுங்கள்: பத்தரை வரை பீட அலுவலகம், பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை விரிவுரை மண்டபங்களைச் சுற்றியும் நூலக வாசலும், பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை கன்டீன், அதன் பின் விடுதியும் போர்டிங்கும். கன்டீன் நேரத்தைத் தவறவிட்டால் மாணவர்களிடம் ஆறுதலாகப் பேச வேறு நேரம் கிடைக்காது.

அம்மாவோ அப்பாவோ கூட வருவதென்றால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். கொழுந்து கூடின காலத்தில் அது சின்ன இழப்பல்ல. அப்படி வருகிறவரை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளை மட்டும் சுற்றிவருவது நியாயமில்லை. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை படிப்பைப் பற்றி விசாரிக்கட்டும். பெற்றோர் விடுதி, சாப்பாடு, பாதை, வைத்திய வசதி ஆகியவற்றைப் பார்க்கட்டும். பெற்றோர் வர முடியாவிட்டால் உறவிலோ தோட்டத்திலோ சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். பேராதனையிலும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் அலுவலக வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. கையில் தேசிய அடையாள அட்டை, ஒரு கொப்பி, பேனை, குடை, தண்ணீர்ப் போத்தல், சார்ஜ் உள்ள போன் போதும். நுவரெலியாக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் பேராதனை வெயிலில் பாரமாகிவிடும், பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீட அலுவலகத்தில் "எந்தப் பாடம் நல்லது" என்று கேட்டால் கைநூலைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் மட்டுமே கிடைக்கும் விஷயங்களைக் கேளுங்கள். எந்தப் பாடங்கள் தமிழ் மொழிமூலத்தில் இப்போது உண்மையாகவே நடக்கின்றன? கைநூலில் இருப்பதெல்லாம் ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை; விரிவுரையாளர் இல்லாவிட்டால் பாடம் நின்றுவிடும். இந்தக் கற்கைநெறிக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டா, அதற்கு விளம்பரம் எங்கே வரும்? அந்தக் கடைசித் திகதி பொது விண்ணப்பத் திகதியிலிருந்து வேறாக இருக்கலாம். அதைத் தவறவிட்டுப் போன பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சிறப்புக் கற்கைக்கு எந்த வருடத்தில், எந்தப் புள்ளியை வைத்துத் தெரிவு செய்கிறார்கள்? படிப்பு முழுவதும் இங்கேயே நடக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேராதனை விவசாய பீட மாணவர்களுக்கு அநுராதபுர மாவட்டத்தில் மஹஇலுப்பள்ளமையில் உள்ள துணை வளாகத்திலும் பயிற்சி இருக்கிறது. உலர் வலயத்தில் தங்கும் காலத்துக்கும் சேர்த்துத்தான் செலவையும் மனதையும் தயார்ப்படுத்த வேண்டும்.

மாணவர்களிடம் பேசுவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். யாரிடம் பேசுகிறீர்கள் என்பது முக்கியம். முதலாம் வருடத்தினருக்கு இன்னும் பல விஷயம் பிடிபட்டிருக்காது. கடைசி வருடத்தினருக்கு ஆரம்பக் கஷ்டம் மறந்திருக்கும். இரண்டாம் வருடம், அதே பீடம், முடிந்தால் உங்களைப் போலத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவர். வேறு பீடத்தில் படிக்கும் மச்சானிடம் மட்டும் கேட்டுவிட்டு வருவது போதாது. தமிழ் மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. கலைப்பீடத்துக் கன்டீனில் நின்றால் காதில் விழும். வளாகத்திலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலும் அவர்கள் கூடும் இடம். கூச்சப்படாமல் போய், "அக்கா, நான் ஹட்டன் பக்கம். பயோ எழுதிட்டு ரிசல்ட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். மலைநாட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் பெரும்பாலும் உட்காரவைத்துத் தேத்தண்ணியும் வாங்கிக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "கேம்பஸ் எப்படி?" என்றால் "நல்லா இருக்கும் தங்கச்சி" என்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். எண்ணும் திகதியும் வருகிற மாதிரிக் கேளுங்கள். நீங்கள் உயர்தரம் எழுதியது எந்த வருடம், இங்கே வந்தது எந்த வருடம், முடிப்பது எப்போது என்று எதிர்பார்க்கிறீர்கள்? நான்கு வருடப் படிப்பு எத்தனை வருடத்தில் முடிகிறது என்ற உண்மை இந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். நேற்று எத்தனை மணிக்கு விரிவுரை தொடங்கி எத்தனைக்கு முடிந்தது? முதல் பரீட்சையில் உங்கள் தொகுதியில் எத்தனை பேர் ஒரு பாடத்திலாவது பெயிலானார்கள், எந்தப் பாடம்? போன மாதம் கையிலிருந்து எவ்வளவு செலவானது? உங்கள் பீடத்தில் படித்து முடித்த இரண்டு பேர் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் திரும்பக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் ஒரே பதில் சொன்னால் நம்பலாம்.

ஆங்கிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், விவசாயம் எல்லாம் ஆங்கில மொழிமூலத்தில்தான். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே. பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை முதல் மாதத்தில் தடுமாறி, தனக்கு மூளையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. தடை மொழியில் இருக்கிறது, மூளையில் இல்லை. அளவு தெரிந்தால் அதைத் தாண்டலாம். அளவறிய ஒரு வழி: கேம்பஸைச் சுற்றியுள்ள போட்டோகொப்பிக் கடையில் உங்கள் துறையின் முதலாம் வருடக் குறிப்புகளில் சில பக்கங்களையும் ஒரு பழைய வினாத்தாளையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பக்கத்தை வாசித்து, தெரியாத சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள். பத்துக்குள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முப்பதைத் தாண்டினால், அனுமதி கிடைத்துப் பதிவு தொடங்கும்வரை உள்ள மாதங்களில் தினமும் ஒரு பக்கம் என்று இப்போதே தொடங்க வேண்டும். பீடத்தில் ஆங்கிலத்துக்கென்று ஆரம்பப் பயிற்சி உண்டா, எத்தனை வாரம், புள்ளி சேருமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

விடுதிக்குள் எல்லோரையும் விடமாட்டார்கள், அது சரியான விதிதான். பேராதனையில் இராமநாதன் விடுதி, அருணாசலம் விடுதி என்ற பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்நின்று குரல் கொடுத்த பொன்னம்பலம் அருணாசலம், தோட்டத் தொழிலாளரின் நலனுக்காகவும் பாடுபட்டவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு அந்த வாசலைக் கடக்க வேண்டும். அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: எந்த வருடங்களுக்கு விடுதி உண்டு, தெரிவுக்குத் தூரத்தையும் வருமானத்தையும் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள், ஒரு அறையில் எத்தனை பேர், இரவு எத்தனை மணிக்கு வாசல் மூடும். விடுதி இல்லாத வருடத்துக்குப் போர்டிங். அதை இப்போதே ஒன்றிரண்டு போய்ப் பாருங்கள். முற்பணம் எத்தனை மாதத்துக்கு, தண்ணீரும் மின்சாரமும் வாடகைக்குள் அடங்குமா, விடுமுறை மாதத்துக்கும் வாடகை கொடுக்க வேண்டுமா, சமைக்க விடுவார்களா என்று கேளுங்கள். மகள் படிக்கப் போகிறாள் என்றால் அம்மா அந்தப் பாதையைப் பஸ் ஹோல்ட்டிலிருந்து வாசல் வரை நடந்து பார்க்கட்டும். ஆய்வுகூட வகுப்பு முடிந்து ஆறு மணிக்குத் திரும்பும்போது விளக்கு உண்டா, வீடுகள் உண்டா என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

கன்டீனில் ஒரு சோற்றுப் பார்சலின் விலையை எழுதிக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி, காலைச் சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் கூட்டி, முப்பதால் பெருக்குங்கள். வாடகை, மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்துபோக பஸ் காசு, போன் டேட்டா, போட்டோகொப்பி ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு மாதச் செலவு வந்துவிடும். மகாபொல புலமைப்பரிசிலோ பேசரி என்ற உதவிப் பணமோ வரும் என்று நம்பி முதல் மாதத்தை ஓட்ட முடியாது. விண்ணப்பம் பரிசீலித்து முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் பிடிக்கலாம். ஆகவே குறைந்தது நான்கு மாதச் செலவு கையிருப்பில் வேண்டும். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுப்பதா, நகையை அடகு வைப்பதா என்று கடைசி வாரத்தில் தடுமாறாமல், இப்போதிருந்தே சீட்டுப் போட்டுச் சேர்க்கலாம். உதவிப் பணத்துக்கு வருமானத்தை நிரூபிக்கத் தோட்ட அலுவலகத்தின் சம்பளச் சீட்டு, கிராம சேவகர் உறுதிப்படுத்தல், பிரதேச செயலக ஒப்பம் என்று படியேற வேண்டும். சம்பளச் சீட்டுகளை இன்றிலிருந்து ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பகிடிவதையை (ராகிங்) பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இரண்டாம் வருட மாணவரிடம், "முதல் மூன்று மாதம் எப்படி இருந்தது, யாரிடம் முறையிட்டால் நடவடிக்கை எடுக்கிறார்கள்" என்று தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் உண்மை வராது. மாணவர் ஆலோசகர்களில் தமிழ் பேசுபவர் யார் என்று கேட்டு, அவருடைய அறை இருக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள்.

பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊவா வெல்லஸ்ஸ கிட்ட இருக்கிறது. 2005இல் தொடங்கிய, அளவில் சிறிய பல்கலைக்கழகம். ஒரு நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம். தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டமே அங்கே உண்டு. நான்கு தலைமுறையாகத் தேயிலையில் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை அந்தத் தொழிலின் ஆய்வுகூடத்துக்கும் சந்தைக்கும் போக அது ஒரு வழி. அதைத் தேடிப்போய் விசாரிப்பவர்கள் குறைவு என்பது எங்களுக்கு வருத்தம். ஆசிரியராக விரும்புகிறவர்கள் கொட்டகலைக்குக் கிட்ட, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியையும் பார்க்கலாம். இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலைப் பயிற்சி.

தனியார் நிறுவனங்களைப் பார்க்கப் போகும்போது மட்டும் முறை வேறு. அங்கே உங்களை மறிப்பதில்லை, குளிர்பானம் தந்து உட்காரவைப்பார்கள், "இன்று பதிந்தால் கட்டணத்தில் கழிவு" என்பார்கள். அன்று ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், எதிலும் கையெழுத்திட வேண்டாம். பட்டத்தை வழங்குவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் பட்டம் வழங்கும் தகுதி பெற்ற அரச சார்பற்ற நிறுவனங்களின் பட்டியல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுப் பதிவும், என்.வி.க்யூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் எத்தனையாம் மட்டம் என்பதும் கேளுங்கள். கட்டணத்தில் பதிவு, பரீட்சை, பட்டமளிப்பு எல்லாம் அடங்குமா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் ஸ்டெர்லிங் பவுணில் கட்ட வேண்டிய பகுதி எவ்வளவு? இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? வாயால் சொல்வதை ஏற்காமல் தாளில் வாங்குங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் களைப்பு வரும், இரண்டு நாளில் பாதி மறந்துவிடும். வீட்டுக்கு வந்த அன்றிரவே கொப்பியில் மூன்று பகுதியாக எழுதுங்கள்: படிப்பு, செலவு, தங்குமிடம். சந்தித்த அக்கா, அண்ணாவின் எண்ணை, அவர்கள் அனுமதியோடு, பீடத்தின் பெயரும் சேர்த்துப் பதிந்து, வந்து சேர்ந்ததாக ஒரு செய்தி அனுப்புங்கள். கைநூல் வெளிவந்ததும் இந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்து, முதல் பத்துத் தெரிவுகளையும் அவற்றின் குறியீடுகளையும் முதலில் வெறுந்தாளில் பென்சிலால் எழுதுங்கள். ஒரே பட்டம் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு குறியீட்டில் வரும். ஓர் எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். குறியீடுகளைப் பிள்ளை வாசிக்க, இன்னொருவர் கைநூலில் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே இணைய விண்ணப்பத்தில் ஏற்றுங்கள்.